நீல இன்ஹேலரின் கதை

பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தில் ஒருவராவது சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நீல நிறக் கருவியை எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். சில நிமிடங்களில் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் அடங்கும். தோள் தளரும். மனிதர் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் நடப்பது ஒரு செய்திப் பரிமாற்றம். மூச்சுக்குழலைச் சுற்றி மெல்லிய தசை வளையங்கள் இருக்கின்றன. இளைப்பு வரும்போது அவை இறுகிக்கொள்கின்றன. இன்ஹேலரில் இருக்கும் மருந்து அந்தத் தசைச் செல்களிடம் போய் 'விடு' என்கிறது. செல்லுக்குள் நுழையாமல், வாசலில் நின்றபடியே சொல்கிறது. உள்ளே கை மாறிக் கை மாறி அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, தசை தளர்கிறது.

அந்தக் கைமாறல் என்னவென்று கண்டுபிடிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மருந்து முதலில் வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு மிகவும் பின்னால்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பல நாடுகள், முக்கியமாகக் குழந்தைகள், அதற்குப் பெரிய விலை கொடுத்தார்கள். நீல இன்ஹேலரின் வரலாறு என்பது உண்மையில் அந்த இடைவெளியின் வரலாறுதான்.

தசை இருப்பதே தெரிந்த கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகர மருத்துவர் ரைசைசன், நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக்குழல்களைச் சுற்றித் தசை நார்கள் இருப்பதை விவரித்தார். இந்தத் தசை நம் கை கால் தசை போன்றது அல்ல. நாம் நினைத்தபடி அதை அசைக்க முடியாது. குடலிலும் ரத்தக் குழாயிலும் இருப்பதைப் போன்ற மென்தசை.

ஆஸ்துமாவுக்குக் காரணமே இந்தத் தசை இறுகுவதுதான் என்று உரக்கச் சொன்னவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர். 1860இல் அவர் ஆஸ்துமா பற்றி எழுதிய நூல் பல காலம் மருத்துவர்களின் கையேடாக இருந்தது. அவருக்கே ஆஸ்துமா உண்டு. வெறும் வயிற்றில் கடுங்காபி குடித்தால் இளைப்பு தணிகிறது என்று அவர் எழுதினார். ஏன் தணிகிறது என்று அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1802ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிலிருந்து இங்கிலாந்து திரும்பிய ஜெனரல் ஜென்ட் என்பவர், ஊமத்தை இனச் செடி ஒன்றைப் புகைத்தால் இளைப்பு அடங்கும் என்ற வழக்கத்தை அங்கே கொண்டுபோனார். அதை அவருக்குச் சொன்னவர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். பிறகு ஐரோப்பாவில் 'ஆஸ்துமா சிகரெட்' என்றே கடைகளில் விற்கும் அளவுக்கு அது பரவியது. ஊமத்தை விஷச்செடி, யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். ஆனால் அது வேலை செய்தது என்பது உண்மை. ஏன் என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் 180 வருடம் ஆக வேண்டியிருந்தது.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து ஆம்பியூல் வரை

1893ஆம் ஆண்டின் குளிர்காலம். ஹாரோகேட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆலிவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்ட் ஷேஃபரைத் தேடி வந்தார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் சாறு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது என்பது அவர் வாதம். ஷேஃபருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு நாயின் உடலில் அந்தச் சாற்றைச் செலுத்திப் பார்த்தார். ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறியது.

அந்தச் சாற்றில் உள்ள பொருளைத் தனியாகப் பிரித்துப் படிகமாக்கியவர் ஜப்பானியரான ஜோகிச்சி தாகமினே. நியூயார்க்கில் உயேனகா என்ற உதவியாளருடன் அதைச் சாதித்து 1901இல் அறிவித்தார். பார்க்-டேவிஸ் நிறுவனம் 'அட்ரீனலின்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில், 1903இல், நியூயார்க் மருத்துவர்களான புல்லோவாவும் கேப்லனும் ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் அதை ஊசியாகப் போட்டு, சில நிமிடங்களில் மூச்சு திறப்பதை எழுதினார்கள்.

ஒரே மருந்து. ரத்தக் குழாயின் தசையைச் சுருக்குகிறது, மூச்சுக்குழலின் தசையைத் தளர்த்துகிறது, இதயத்தையோ வேகமாகத் துடிக்க வைக்கிறது. ஒரே ஆள் மூன்று வீட்டில் மூன்று விதமாக நடந்துகொள்கிறான் என்றால் காரணம் ஆளிடம் இருக்கிறதா, வீட்டிடம் இருக்கிறதா? இந்தக் கேள்விதான் அடுத்த ஐம்பது வருடத்தை ஓட்டியது.

யாருக்கும் வேண்டாத கட்டுரை

கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி 1905இல் ஒரு யோசனை சொன்னார். மருந்து நேராகத் தசையின் இயந்திரத்தைத் தொடுவதில்லை. செல்லில் அதை வாங்கிக்கொள்ளும் ஒரு 'ஏற்கும் பொருள்' இருக்கிறது. அது வாங்கித்தான் உள்ளே சேதி சொல்கிறது என்றார். இன்று நாம் ஏற்பி என்று சொல்வதன் ஆரம்பம் இது. ஆனால் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் கண்டதில்லை. அதனால் பெரிய பெரிய ஆட்கள்கூட இதை அவ்வளவாக மதிக்கவில்லை. அட்ரீனலினின் இரட்டை வேடத்துக்கு உடலில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் சுரக்கின்றன என்ற விளக்கம்தான் 1930களில் செல்வாக்காக இருந்தது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டா நகரில் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற மருந்தியல் ஆசிரியர் இருந்தார். கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும் மருந்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர், அட்ரீனலினின் உறவுக்காரப் பொருட்கள் சிலவற்றை எடுத்து, ஒவ்வோர் உறுப்பிலும் எது அதிக வலிமையோடு வேலை செய்கிறது என்று வரிசைப்படுத்தினார். வந்த வரிசைகள் இரண்டே இரண்டுதான். சில உறுப்புகளில் ஒரு வரிசை. மற்ற உறுப்புகளில் கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறான வரிசை. ஆக, பொருள் இரண்டு அல்ல, ஏற்பிதான் இரண்டு வகை என்று முடிவு செய்தார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தார்.

துறையின் முக்கியமான மருந்தியல் இதழ் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. ஒரு பரிசுப் போட்டிக்கு அனுப்பினார், அங்கும் தோல்வி. கடைசியில் 1948இல் ஓர் உடலியல் இதழில் வெளியானது. அதுவும் ஒரு மூத்த அறிஞரின் நட்பால்தான் நடந்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். வெளிவந்த பிறகும் பல வருடம் அதைச் சீண்டுவார் இல்லை. ஏற்பி என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பதில் 1970களில்கூட ஆல்க்விஸ்டுக்கே முழு நிச்சயம் இல்லை.

ஆனால் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிளாக் அந்தக் கட்டுரையை நம்பினார். பீட்டா ஏற்பியை அடைத்து இதயத்துக்கு ஓய்வு தரும் மருந்துகளைத் தேடி, புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். 1964இல் மெக்நீல் என்ற மருத்துவர் ஒரு விபரீதத்தைக் கவனித்தார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் மூச்சு இறுகுகிறது. அதாவது, அட்ரீனலின் மூச்சுக்குழல் தசையிடம் பேசுவது பீட்டா வாசல் வழியாகத்தான். வாசலை அடைத்தால் உடம்பு தானாகச் சொல்லும் 'விடு' என்ற சேதியும் நின்றுபோகிறது. இன்றும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வகை மருந்து கொடுக்க மருத்துவர்கள் யோசிப்பது இதனால்தான்.

ஒரு சிறுமியின் கேள்வி

இதற்கிடையில் மருந்துக் கம்பெனிகள் காத்திருக்கவில்லை. 1940ஆம் ஆண்டு வாக்கில் ஜெர்மனியின் போஹ்ரிங்கர் நிறுவனத்தில் ஐசோப்ரீனலின் என்ற மருந்து உருவானது. ரத்தக் குழாயைச் சுருக்காமல் மூச்சுக்குழலைத் திறக்கும். அதை உறிஞ்சுவதற்கு அப்போது இருந்தவை ரப்பர் பந்தை அமுக்கிச் சாரலாக்கும் கண்ணாடிக் கருவிகள். எளிதில் உடையும், அளவும் சரியாக வராது.

அமெரிக்காவில் ரைக்கர் நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே மாதிரி மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தர முடியாதா என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து 1956இல் பிறந்ததுதான் அழுத்தினால் சரியான அளவு மருந்தைத் தரும் இன்ஹேலர். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை! ஊசிக்காக மருத்துவரிடம் ஓட வேண்டாம். மருந்து பையிலேயே இருக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

1960களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆஸ்துமா மரணங்கள் ஏறத் தொடங்கின. அதுவரை ஆஸ்துமா துன்பப்படுத்தும், ஆனால் இளம் வயதினரை அரிதாகத்தான் கொல்லும் என்று நினைத்திருந்தார்கள். ஸ்பைசர், டால், ஹீஃப் ஆகிய மூவரும் 1968இல் கணக்குப் பார்த்தபோது அதிர்ந்துபோனார்கள். 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளிடையே ஆஸ்துமா மரண விகிதம் ஏழு வருடத்தில் ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகியிருந்தது. 1966இல் அந்த வயதில் நேர்ந்த மொத்த மரணங்களில் 7 சதவீதம் ஆஸ்துமாவால் வந்தவை.

நோய் கூடவில்லை. நோயைக் கண்டறியும் முறையும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: இன்ஹேலர். 1969இல் இன்மன், அடல்ஸ்டைன் ஆகியோர் இன்ஹேலர் விற்பனைக் கோட்டையும் மரணக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். இரண்டும் சேர்ந்தே ஏறின. 1967இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டு, 1968 இறுதியில் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பது நிறுத்தப்பட்டபோது இரண்டும் சேர்ந்தே இறங்கின. அந்த வருடங்களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்கத்தை விட அதிகமாக நேர்ந்த மரணங்கள் சுமார் 3,500 என்பது அவர்கள் மதிப்பீடு.

1972இல் அமெரிக்க ஆய்வாளர் பால் ஸ்டாலி இன்னொரு துப்பைக் கண்டுபிடித்தார். மரணம் ஏறிய நாடுகளில் 'ஃபோர்ட்' என்ற பெயரில் ஒரு வலுவான ஐசோப்ரீனலின் இன்ஹேலர் விற்றது. ஒரு அழுத்தலில் சாதாரண வகையைப் போல ஐந்து மடங்கு மருந்து. அமெரிக்காவில் அது விற்பனைக்கு வரவே இல்லை. அங்கே மரண அலையும் எழவில்லை.

மருந்து இதயத்தை நேரடியாகத் தாக்கியதா, அல்லது 'இன்னும் ஒரு பஃப் அடித்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையில் மருத்துவமனைக்குப் போகத் தாமதித்ததா? இதைப் பற்றிய வாதம் முழுதாக ஓயவில்லை. இரண்டுமே சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் ஒன்று தெளிவு: உடம்புக்குள் எந்தெந்த வாசலைத் தட்டுகிறோம் என்று தெரியாமலே கோடிக்கணக்கான முறை தட்டியிருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் தூதர்

வாசலில் சொன்ன சேதி உள்ளே எப்படிப் போகிறது என்ற கேள்விக்கான பதில் நுரையீரலிலிருந்து வரவில்லை, கல்லீரலிலிருந்து வந்தது. இதே 1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஏர்ல் சதர்லேண்டும் தியோடர் ராலும் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார்கள். அட்ரீனலின் கொடுத்தால் கல்லீரல் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது. எப்படி?

கல்லீரல் செல்களை அரைத்துக் கூழாக்கி அட்ரீனலின் விட்டார்கள். வேலை செய்தது. செல் உயிரோடு முழுதாக இருந்தால்தான் ஹார்மோன் வேலை செய்யும் என்ற அன்றைய நம்பிக்கைக்கு அதுவே முதல் அடி. பிறகு கூழைச் சுழற்றி, செல் சுவர்த் துணுக்குகளான சக்கையைத் தனியாகவும் தெளிந்த நீரைத் தனியாகவும் பிரித்தார்கள். தெளிந்த நீரில் அட்ரீனலின் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சக்கையில் அட்ரீனலின் விட்டு, அதைக் கொதிக்கவும் வைத்து, அந்தச் சாற்றைத் தெளிந்த நீரில் ஊற்றினால் வேலை நடந்தது! கொதித்தாலும் சாகாத ஏதோ ஒரு சிறிய பொருள் சக்கையில் உருவாகி, சேதியைத் தூக்கிக்கொண்டு போகிறது.

அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க உதவி கேட்டு சதர்லேண்ட், லியோன் ஹெப்பல் என்ற விஞ்ஞானிக்குக் கடிதம் எழுதினார். அதே சமயத்தில் டேவிட் லிப்கின் என்ற வேதியியலாளரும் தன் சோதனையில் கிடைத்த ஒரு புதுப் பொருளைப் பற்றி ஹெப்பலுக்கு எழுதியிருந்தார். ஹெப்பலின் மேஜையில் கடிதங்கள் குவிந்து கிடக்குமாம். ஒருநாள் குவியலைக் கிளறியபோது இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கண்ணில் பட்டன. இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி என்று அவருக்குத் தோன்றியது. இருவரையும் இணைத்து வைத்தார். அந்தப் பொருள்தான் சைக்ளிக் ஏ.எம்.பி.

வெளியே வரும் ஹார்மோன் முதல் தூதர் என்றால், செல்லுக்குள் ஓடும் சைக்ளிக் ஏ.எம்.பி. இரண்டாம் தூதர். கல்லீரலில் சர்க்கரையை அவிழ்க்கச் சொல்லும் அதே தூதர்தான் மூச்சுக்குழல் தசையில் இறுக்கத்தை அவிழ்க்கச் சொல்கிறார் என்பது பிறகு தெளிவானது. 1962இல் சதர்லேண்டின் கூடத்திலேயே, இந்தத் தூதரை உடைத்து அழிக்கும் ஒரு நொதியைக் கஃபீன் வகைப் பொருட்கள் தடுக்கின்றன என்று கண்டார்கள். சால்ட்டரின் கடுங்காபிக்கு நூறு வருடம் கழித்து ஒரு விளக்கம் கிடைத்தது. காபியின் பலன் முழுக்க அதனால் மட்டும் வருவது அல்ல என்பது பின்னால் தெரிந்தாலும், கதவு அங்கேதான் திறந்தது. 1971இல் சதர்லேண்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீல இன்ஹேலர் பிறந்தது

1967இல் அமெரிக்காவில் லேண்ட்ஸ் குழுவினர், பீட்டா என்பதும் ஒன்றல்ல, இரண்டு என்று காட்டினார்கள். இதயத்தில் பெரும்பாலும் இருப்பது பீட்டா-1. மூச்சுக்குழலில் இருப்பது பீட்டா-2. ஐசோப்ரீனலினின் குற்றம் இப்போது புரிந்தது. அது இரண்டு வாசலையும் ஒரே பலத்தோடு தட்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் வேர் என்ற ஊரில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் நிறுவனத்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு ஏற்கனவே அந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது. ஐசோப்ரீனலினின் மூலக்கூறில் ஒரு மூலையைச் சற்றே மாற்றினார்கள். அதனால் இரண்டு லாபம். பீட்டா-2 வாசலையே அதிகம் தேடிப் போனது. ஐசோப்ரீனலினை விரைவில் செயலிழக்கச் செய்யும் நொதியிடமும் சிக்கவில்லை. பலன் சில மணி நேரம் நின்றது. அதுதான் சால்பியூட்டமால். 1969இல் 'வென்டோலின்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று நீல இன்ஹேலர்களில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

வாசலின் படம்

சால்பியூட்டமால் வந்த பிறகும் ஏற்பி என்பது ஊகமாகவே இருந்தது. ஏற்பிக்கும் சைக்ளிக் ஏ.எம்.பி.க்கும் நடுவில் ஒரு தரகர் இருக்க வேண்டும் என்று மார்ட்டின் ராட்பெல் 1970களின் தொடக்கத்தில் சொன்னார். ஆல்ஃப்ரட் கில்மன் குழு 1980இல் அந்தத் தரகரைப் பிரித்தெடுத்தது. ஜி புரதம் என்று அதற்குப் பெயர். இருவருக்கும் 1994இல் நோபல்.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் பல வருடம் போராடி பீட்டா ஏற்பியைப் பிரித்தெடுத்தார். அவர் கூடத்தில் பிரையன் கோபில்கா முதலானோர் 1986இல் பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் படித்தபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அது கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் சொந்தக்காரன்! செல் சுவரை ஏழு முறை துளைத்துப் போகும் ஒரே அச்சு. வெளிச்சத்தைப் பார்ப்பதற்கும் மூச்சுக்குழலைத் திறப்பதற்கும் உடம்பு ஒரே வகை வாசலை வைத்திருக்கிறது. 2007இல் அந்த ஏற்பியின் வடிவத்தையும், 2011இல் அது ஜி புரதத்தோடு கைகோர்த்து நிற்கும் கணத்தையும் கோபில்கா படமாக்கினார். 2012இல் இருவருக்கும் நோபல். ஆல்க்விஸ்ட் எண்களை மட்டும் வைத்து ஊகித்ததைக் கண்ணால் பார்க்க 60 வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

இறுக்கும் பக்கத்தின் கதையும் இதற்கிடையில் வெளிவந்தது. நரம்பின் நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் வேறொரு ஏற்பியைத் தட்டுகிறது. அதற்கும் ஒரு ஜி புரதம், ஆனால் வேறு வகை. அது உண்டாக்கும் ஐ.பி.3 என்ற தூதர், செல்லுக்குள் பூட்டி வைத்திருக்கும் கால்சியத்தை வெளியே விடுகிறது. இதை மைக்கேல் பெரிட்ஜும் கூட்டாளிகளும் 1983இல் காட்டினார்கள். கால்சியம் வெளியே வந்தால் தசை இழுக்கும். சைக்ளிக் ஏ.எம்.பி. வந்தால் கால்சியம் அடங்கும், தசை விடும். ஊமத்தையில் இருக்கும் அட்ரோப்பின், அந்த அசிட்டைல்கோலின் வாசலில் போய் அடைத்துக்கொள்கிறது. 1802இல் சென்னையிலிருந்து கப்பலேறிய புகைக்கு இப்போதுதான் முழு விளக்கம்.

நரம்பு மட்டுமே இறுக்குவதில்லை. ஒவ்வாமை வரும்போது வெளிப்படும் ஹிஸ்டமின் மூச்சுக்குழலை இறுக்குகிறது என்று ஹென்றி டேலும் லெய்ட்லாவும் 1910களிலேயே காட்டியிருந்தார்கள். ஆனால் ஹிஸ்டமினை அடைக்கும் மாத்திரைகள் ஆஸ்துமாவை அடக்கவில்லை. வேறு யாரோ இருக்கிறார்கள். 1938இல் மெல்போர்னில் சார்ல்ஸ் கெல்லவேயும், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் கினிப்பன்றியின் நுரையீரலில் நாகப்பாம்பு விஷத்தைச் செலுத்தினார்கள். வெளியே வந்த திரவத்தில், குடல் துண்டை மெதுவாக, நீண்ட நேரம் இறுக்கும் ஒரு பொருள் இருந்தது. 41 வருடம் அது பெயரளவில் மட்டுமே இருந்தது. 1979இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவெல்சன் குழு அதன் உருவத்தைக் கண்டுபிடித்து 'லியூக்கோட்ரையீன்' என்ற குடும்பத்தில் சேர்த்தது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மான்டெலுகாஸ்ட் மாத்திரை அதன் வாசலை அடைப்பதுதான்.

கற்றுக்கொள்ளாத பாடம்

இவ்வளவு தெரிந்த பிறகும் பழைய தவறு திரும்ப வந்தது. நியூசிலாந்தில் 1976இல் ஃபெனோட்டெரால் என்ற வலுவான இன்ஹேலர் வந்தது. சில வருடங்களில் அங்கே ஆஸ்துமா மரண விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றானது. 1989இல் ஓர் ஆய்வுக் குழு அந்த மருந்தைச் சுட்டிக்காட்டியது. பெரிய சர்ச்சை கிளம்பியது. 1990இல் அதற்குக் கட்டுப்பாடு வந்ததும் மரணங்கள் சட்டென்று குறைந்தன.

பிறகு பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் சால்மெட்டெரால் வந்தது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 26,355 பேர் சேர்க்கப்பட்டனர். வழக்கமான சிகிச்சையோடு சால்மெட்டெராலும் எடுத்தவர்களில் 13 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள். வெறும் போலி மருந்து எடுத்தவர்களில் 3 பேர். 2003இல் ஆய்வு நிறுத்தப்பட்டது.

மருந்து சரியான வாசலைத்தான் தட்டுகிறது. பிறகு ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று, வாசலை ஓயாமல் தட்டினால் செல் காதைப் பொத்திக்கொள்கிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஏற்பியை மூடுகிறது. ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. இதை விளக்கியதும் லெஃப்கோவிட்ஸ் குழுதான். தினமும் அடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு, நிஜமான தாக்குதல் வரும்போது மருந்து தரும் பாதுகாப்பு குறைந்துபோகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஆஸ்துமா என்பது தசை மட்டும் அல்ல. மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்கி, சளி கட்டி, அழற்சியில் கனன்றுகொண்டிருக்கும் நோய் அது. தசை இறுகுவது அதன் ஒரு விளைவு. நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. கடன்காரனுக்கு வட்டியை மட்டும் கட்டி அனுப்பிக்கொண்டே இருப்பது போல. வாசலில் சத்தம் இல்லை என்பதால் அசல் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அசலைக் குறைக்கும் மருந்து எப்போதோ வந்துவிட்டது. வென்டோலினைக் கொடுத்த அதே டேவிட் ஜாக் குழு, 1972லேயே பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரையும் கொண்டுவந்தது. ஆனால் அதை உறிஞ்சினால் உடனே ஒன்றும் தெரியாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் எடுக்க வேண்டும். சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும் நீலத்துக்கு முன்னால், ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயப்படும் மக்களிடம், அது எப்படி ஜெயிக்கும்? நீல இன்ஹேலர் காலியானது. மற்றது அலமாரியில் தூசி படிந்தது. பல வீடுகளில் இன்றும் அப்படித்தான்.

நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தை ஸ்டீராய்டோடு ஒரே இன்ஹேலரில் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து கூடுவதில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டின. அதனால் 2017 இறுதியில் அமெரிக்க அரசு அந்தக் கூட்டு மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது. 2019இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் அமைப்பான ஜினா, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து வைத்தியம் செய்வதைப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. 2023 ஜனவரியில் சால்பியூட்டமாலும் ஸ்டீராய்டும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலருக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்ஹேலர் பிறந்து 67 வருடம் கழித்து!

மூச்சுக்குழல் தசையின் ரகசியங்கள் தீர்ந்துவிடவில்லை. 2010இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் தேஷ்பாண்டே, லிகெட் குழுவினர், நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் மூச்சுக்குழல் தசையிலும் இருப்பதைக் கண்டார்கள். கசப்பான பொருள் பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அப்படியென்றால் தசை இறுக வேண்டும் அல்லவா? ஆனால் தளர்கிறது. இதுவரை படித்த பாடத்துக்கு நேர் எதிர். ஏன் என்று பல விளக்கங்கள் வந்திருக்கின்றன.

பரீட்சை ஹாலுக்கு வெளியே நின்ற அந்த நண்பருக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆல்க்விஸ்டையும் சதர்லேண்டையும் நினைக்காமலே மூச்சு திறக்கும். ஆனால் நீல இன்ஹேலர் மாதம் ஒன்று காலியாகிறது என்றால் மட்டும் அவர் ஒருமுறை மருத்துவரிடம் போய், வீக்கத்துக்கு என்ன மருந்து என்று கேட்டுவிடுவது நல்லது. 1960களின் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லித்தர ஆள் இல்லை.